டாக்டர் குழாய் வைத்திருக்கிறார்

மயிலாப்பூர்,
10-6-1948

அன்புள்ள தம்பி உமர் ஃபாரூக்குக்கு அண்ணன் ஷரஃபுதீன் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அண்ணி சகினாவும் குழந்தை குல்ஷனும் அல்லாஹ்வின் கிருபையில் இருக்கிறோம். எடின்பரோவில் இப்போதாவது குளிர் விட்டதா? ரேஷனில் வாரத்துக்கு ஒரு முட்டைதான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து உன் அண்ணி முட்டை உடைக்கும்போதெல்லாம் உன் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

'நலமாக இருக்கிறோம்' என்று எழுதாமல் 'இருக்கிறோம்' என்று மட்டும் எழுதியதற்குக் காரணம் உண்டு. நீயும் டாக்டர், அங்கே சர்ஜரி படிப்பவன் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். சில மாதமாக என் கால்கள் சரியில்லை. லஸ்ஸில் நம் சைக்கிள் கடையிலிருந்து ஒரு வண்டியைப் பாண்டி பஜாருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பனகல் பார்க் பக்கத்தில் வலது கால் பெடலை விட்டு நழுவிவிட்டது. நழுவியது எனக்குத் தெரியவில்லை. வண்டி சாய்ந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். அதற்குப் பிறகு ஒருநாள் கடைக்குள் நுழைந்தபோது மெக்கானிக் இனாயத், "இன்னா முதலாளி, ஒத்தச் செருப்போட வரீங்க?" என்றான். மற்றது எங்கே கழன்று விழுந்ததென்று இன்றுவரை தெரியாது.

அடையாற்றில் நர்சிங் ஹோம் வைத்திருக்கும் டாக்டர் சுப்பராமனிடம் போனேன். முதுகில் மருந்தை ஊசியாகப் போட்டு எக்ஸ்ரே எடுத்தார். "முதுகெலும்புக்குள்ள சின்னதா ஒரு கட்டி வளர்ந்துண்டிருக்கு. அது நரம்பை அழுத்தறது. பொல்லாத கட்டி இல்லை, பயப்படாதேள். எடுத்துட்டா நடந்தே ஆத்துக்குப் போகலாம்" என்றார். நல்ல மனிதர். கை நிதானமான கை.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. கட்டியை எடுத்துத் தைத்த பிறகும் உள்ளே ரத்தம் கசியுமாம். அது அங்கேயே தேங்காமல் இருக்கக் காயத்தில் ஒரு ரப்பர் குழாயை இரண்டு நாள் விட்டுவைப்பது அவர் வழக்கமாம். முதுகுக்குள் குழாய் என்றதும் உன் அண்ணி பயப்படுகிறாள். அங்கே எப்படிச் செய்கிறார்கள்? உன் பதிலைப் பார்த்துத்தான் நாள் குறிக்கச் சொல்லப்போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குல்ஷன் உனக்குச் சலாம் சொல்கிறாள்.

அன்புடன்,
ஷரஃபுதீன்


எடின்பரோ,
19-6-1948

பேரன்புள்ள அண்ணனுக்கு உமர் ஃபாரூக்கின் சலாம். நான் இங்கே சுகமாக இருக்கிறேன். உங்கள் கடிதம் நேற்று வந்தது. இத்தனை மாதம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கோபம்தான் முதலில் வந்தது.

டாக்டர் சொன்னது சரிதான். இந்த மாதிரிக் கட்டியை எடுத்துவிட்டால் கால்கள் பெரும்பாலும் திரும்பிவிடும். தாமதம் மட்டும் கூடாது.

குழாய் விஷயத்தில் எனக்குச் சம்மதமில்லை. அது பழைய தலைமுறையின் பழக்கம். உள்ளே இருக்கும் ரத்தம் வெளியே வர ஒரு வழி வைத்தால், வெளியே இருக்கும் கிருமி உள்ளே போவதற்கும் அதே வழிதான். நரம்பைச் சுற்றிச் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. இங்கே என் பேராசிரியர் கசிகிற இடங்களை ஒவ்வொன்றாகச் சுட்டு அடைத்துவிட்டு, காயத்தை முழுக்க மூடிவிடுவார். குழாயைத் தொடுவதே இல்லை. பக்கத்தில் நின்று நான் பார்த்த எந்த நோயாளிக்கும் தொல்லை வந்ததில்லை.

இதோடு டாக்டருக்கு இங்கிலீஷில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன். அவர் தயங்கினாலும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். என் அண்ணனின் முதுகில் அரை நூற்றாண்டுக்கு முந்தைய வைத்தியம் நடக்க வேண்டாம்.

அண்ணியைப் பயப்பட வேண்டாமென்று சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் தந்தி வேண்டாம், நிதானமாகக் கடிதமே எழுதுங்கள். நான் தைரியமாக இருக்கிறேன்.

தங்கள் தம்பி,
உமர்


மயிலாப்பூர்,
3-7-1948

அன்புள்ள உமருக்கு, சலாம். எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு துஆ செய்கிறோம்.

உன் தாளை டாக்டரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார். வெளியே வந்ததும் உன் அண்ணியிடம், "பாத்தியா, எம்மாம் பெரிய டாக்டரு, நம்ம பையன் எழுதினத ரெண்டு வாட்டி படிக்கிறாரு" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குக் கால் கவலையே மறந்துபோய்விட்டது.

அடுத்த வாரம் ஆபரேஷன். ரமலான் பிறை அப்போது தெரிந்துவிடும். நோன்பை நான் பிறகுதான் வைக்க வேண்டும். உன் அண்ணி எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதாகச் சொல்கிறாள். அது செல்லாது என்று சொன்னாலும் கேட்கவில்லை.

ஷரஃபுதீன்


அடையாறு,
17-7-1948

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் ஷரஃபுதீன் சொல்ல, சகினா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆபரேஷன் முடிந்தது. கட்டியை டாக்டர் சீசாவில் போட்டுக் காட்டினார். கொட்டைப்பாக்கை விடச் சிறியது. இதுவா என்னை ஆட்டிவைத்தது என்றிருந்தது. இன்னும் படுக்கையில்தான் இருக்கிறேன். நர்சுகள் நன்றாகக் கவனிக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் ஆற்றுப்பக்கக் காற்று வருகிறது.

நீ சொன்னது ஒன்று நடக்கவில்லை. டாக்டர் குழாய் வைத்திருக்கிறார். நீ மனத்தாங்கல் கொள்ளாதே. அவரவர் கைக்கு அவரவர் பழக்கம். உன் தாளை மதிக்கவில்லை என்று நினைக்காதே.

இனாயத் கடையைப் பார்த்துக்கொள்கிறான். நீ பரீட்சைக்குப் படி. என்னைப் பற்றிய கவலையை விடு.

இவ்வளவுதான் அவர் சொன்னது. அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன் தம்பி. நோன்பு நாளில் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்காக துஆ செய்.

சகினா


எடின்பரோ,
26-7-1948

பேரன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் சலாம். நான் சுகம். கடிதத்தைப் பார்த்ததும் உயிர் வந்தது. அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

டாக்டர் என் பேச்சைக் கேட்காதது எனக்கு வருத்தம்தான், பொய் சொல்லமாட்டேன். பெரியவர்கள் கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்வது கஷ்டம் என்று இங்கேயும் சொல்வார்கள். போகட்டும். குழாயை எடுத்துவிட்டாரா? எடுத்த இடம் காய்ந்ததா? காய்ச்சல் உண்டா?

ஒன்று மட்டும் சரியாக எழுதுங்கள். காலை முழங்காலோடு மடக்க முடிகிறதா? கட்டை விரலை அசைக்கிறீர்களா? கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது அண்ணி பாதத்தைத் தொட்டால் தெரிகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும்.

பெருநாள் வாழ்த்து இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் இங்கே வார்டில் நோன்பு பிடிக்கிறேன். பகல் முடிகிற வழியாக இல்லை, பத்து மணிக்குத்தான் மக்ரிபு, அதற்குப் பிறகுதான் நோன்பு திறக்க முடியும்.

உமர்


மயிலாப்பூர்,
22-8-1948

அன்புள்ள உமருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. வீட்டுக்கு வந்துவிட்டோம். பென்சிலால் எழுதுகிறேன். படுத்தபடி எழுதினால் பேனாவில் மை இறங்குவதில்லை.

பெருநாள் நன்றாகக் கழிந்தது. கச்சேரி ரோடு பள்ளிவாசலில் தொழுதுவிட்டு ஜமாஅத்தார் நேராக நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. குல்ஷனுக்கு உன் அண்ணி பச்சைப் பாவாடை தைத்திருந்தாள். அவள் அதைப் போட்டுக்கொண்டு என் கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். கடையில் வேலை குறையவில்லை. மழைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் பிரேக் கட்டை மாற்றிக்கொள்ள வருகிறார்கள்.

டாக்டர் சுப்பராமன் ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். குழாயை எடுத்தாகிவிட்டது. காயம் காய்ந்துவிட்டது. காய்ச்சல் எப்போதாவது வருகிறது, பெனிசிலின் ஊசி போடுகிறார், போய்விடுகிறது.

நீ கேட்டதற்கெல்லாம் விவரமாக எழுத இது இடமில்லை. கால் இருக்கிறது. மெதுவாகத்தான் எல்லாம். நீ படிக்கிற வேலையைப் பார்.

உன் அண்ணி சலாம் சொல்கிறாள்.

ஷரஃபுதீன்


எடின்பரோ,
31-8-1948

அண்ணனுக்கு உமரின் சலாம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். பள்ளியிலிருந்து எல்லோரும் உங்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள், நீங்கள் பள்ளிக்குப் போகவில்லை. குல்ஷன் கட்டிலைச் சுற்றி ஓடுகிறாள். டாக்டர் வீட்டுக்கு வருகிறார். மூன்று கேள்வி கேட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. நான் தினமும் வார்டில் நோயாளிகளிடம் பேசுகிறவன். சொல்லாததைக் கேட்கவும் இங்கே பழக்கியிருக்கிறார்கள்.

உங்களுக்குக் கால் வரவில்லை. அப்படித்தானே?

காய்ச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குழாய் வழியாகக் கிருமி இறங்கியிருக்கிறது. எதைச் சொல்லி எச்சரித்தேனோ அதுவே நடந்திருக்கிறது. இன்று டாக்டர் சுப்பராமனுக்கு எழுதிவிட்டேன். "நான் தெளிவாக எழுதியும் உங்கள் பிடிவாதத்தால் என் அண்ணனின் கால்களைப் பறித்துவிட்டீர்கள். நீங்கள் இனிமேல் கத்தியைத் தொடக்கூடாது" என்று எழுதியிருக்கிறேன். வயதில் பெரியவர் என்று யோசித்தேன். பிறகு யோசிக்கவில்லை.

வேறு டாக்டரை அழைத்துக் காட்டுங்கள். ஒரு வார்த்தை எழுதுங்கள், அடுத்த கப்பலில் புறப்பட்டு வருகிறேன். பரீட்சை கிடக்கட்டும்.

உமர்


மயிலாப்பூர்,
14-9-1948

அன்புள்ள தம்பிக்கு, சலாம். நீ நலமாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு முதல்.

நீ டாக்டரிடம் இருந்து உண்மையைப் பிடுங்குவதற்கு முன் நானே எழுதுகிறேன். கால் வரவில்லை. இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. மூத்திரத்துக்கு ரப்பர் குழல் வைத்திருக்கிறார்கள். படுத்தே கிடந்ததில் முதுகில் புண் வந்திருப்பதால் ஒருக்களித்துப் படுத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். உன்னிடம் மறைத்தது தப்பு என்றால் தப்புதான். நீ அங்கே தனியாக இருக்கிறாய், இதைத் தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்று நினைத்தேன்.

ஆனால் டாக்டருக்கு எழுதியிருக்கக் கூடாது உமர். உனக்கு நான் இதுவரை எதையும் உத்தரவாகச் சொன்னதில்லை. இதை உத்தரவாகச் சொல்கிறேன். அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுது. அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. இது என் நசீபு, என் தலைவிதி. வேறு யாரையும் தேடாதே.

அவர் நேற்று வந்தார். "தம்பி எழுதினானா சார்?" என்று கேட்டேன். "எழுதியிருந்தார். உங்களை நலம் விசாரிச்சிருந்தார்" என்றார். புண்ணைத் தானே கழுவி மருந்து வைத்துக் கட்டினார். நர்சை விடுவதில்லை.

நீ வர வேண்டாம். வந்தால் எனக்கு எழுந்து நடக்க வருமா? பாஸ் பண்ணி வா. நான் காத்திருப்பேன்.

ஷரஃபுதீன்


எடின்பரோ,
10-10-1948

அண்ணனுக்கு, அண்ணிக்கு, குல்ஷனுக்குச் சலாம். பக்ரீத் வருகிறது. உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க என்னால் முடியாது. உங்களுக்குப் பெரிய மனது, எனக்கு அது இல்லை. டாக்டரிடமிருந்து எனக்கு ஒரு வரி பதில் வரவில்லை. தன்மேல் தவறு இல்லாதவர் பதில் எழுதுவார். அவர் மௌனமே எனக்குப் போதும். ஊருக்கு வந்ததும் மற்ற டாக்டர்கள் கூடியிருக்கும் இடத்தில் இதை எழுந்து நின்று சொல்வேன்.

நீங்கள் எழுத முடியாவிட்டால் அண்ணியை எழுதச் சொல்லுங்கள். உடனே.

உமர்


மயிலாப்பூர்,
24-11-1948

தம்பி உமர் ஃபாரூக்குக்கு சகினா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். நீ உடம்போடு இருக்கிறாய் என்று நம்புகிறேன். குல்ஷன் இருக்கிறாள். நானும் இருக்கிறேன்.

தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். உன் அண்ணன் மௌத்தான பிறகு, நடந்ததையெல்லாம் எழுத வேண்டும் என்று இரண்டு தடவை உட்கார்ந்தேன், முடியவில்லை. புண்ணிலிருந்து காய்ச்சல் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர். கடைசி இரண்டு நாளும் டாக்டர் இங்கேயே இருந்தார். ஜனாஸா தூக்கியபோது வெறுங்காலோடு தெருமுனைவரை வந்தார்.

இப்போது நான் எழுதப்போவது உன் அண்ணனுக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை மீறுவது. அதற்கு அல்லாஹ்விடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். "உங்க தம்பி சொல்றதிலேயும் நியாயம் இருக்கு. அது ஒரு கட்சி. ஆனா எனக்கு ரெண்டு நாள் குழாய் இருந்தாத்தான் மனசு சமாதானமாகும்" என்றார். உன் அண்ணன், "இல்ல சார். எந்தம்பி பெரிய பெரிய டாக்டருங்க கூட வேல பாத்துனுகீறான். அவன் வேணாம்னு சொன்னா வேணாம் சார். குழாய் வைக்கறதா இருந்தா ஆபரேசனே வேணாம்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். குழாய் என்றால் எனக்கும் பயம். நானும் வேண்டாம் என்றேன். அவர், "உங்க உடம்பு, உங்க இஷ்டம். ஜாக்கிரதையா மூடிடறேன்" என்றார்.

அன்று அவர் குழாய் வைக்கவில்லை, தம்பி. நீ எழுதியபடியே மூடினார்.

மயக்கம் தெளிந்ததும் உன் அண்ணன் கட்டை விரலை ஆட்டிக் காட்டினார். முந்தின நாள் அசையாத விரல். நான் அழுதேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, "பார்த்தேளா" என்றார். பிறகு வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். சாயங்காலம் கால் மரத்துப்போகிறது என்றார் உன் அண்ணன். மயக்க மருந்தால் அப்படித்தான் இருக்கும் என்றாள் நர்சு. முதுகில் கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். நோன்பு திறக்கும் நேரம். நான் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அவர் பாதம் இரண்டையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "சகினா, கால கொஞ்சம் புடிச்சி வுடேன்" என்றார்.

"புடிச்சினுதானே கீறேன்" என்றேன்.

அவர் தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். 

டாக்டருக்கு ஆளனுப்பினோம். அவர் காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. தையலைப் பிரித்துத் திறந்தார். உள்ளே ரத்தம் கட்டியாக உறைந்து நரம்பை அழுத்திக்கொண்டிருந்ததாம். அதை எடுத்துவிட்டு, அப்போதுதான் குழாய் வைத்தார். வெளியே வந்து, "முன்னாடியே இருந்திருந்தா அது வழியா வடிஞ்சிருக்கும். நான்தான் என் மனசுக்குப் பட்டதைச் செஞ்சிருக்கணும்" என்றார். உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார்.

நினைவு தெரிந்ததும் உன் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு என்னைக் கடிதம் எழுதச் சொன்னார். "டாக்டர் குழாய் வைத்திருக்கிறார்" என்று சொல்லி நிறுத்தினார். நான் எழுதாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். "எழுது. இன்னா, பொய்யா? வெச்சிதானே கீறாரு" என்றார்.

அதை எழுதிய கை இது.

பக்ரீத் அன்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். "அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா கத்தியப் புடிக்க மாட்டான்" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகும் நீ டாக்டரைப் பழித்து எழுதாமல் இருந்திருந்தால் சாகும்வரை அதைக் காப்பாற்றியிருப்பேன். நீ திட்டி எழுதிய கடிதத்தை டாக்டர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நம் வீட்டுக்கு வந்து, உன் அண்ணனின் புண்ணைக் கழுவினார். நீ நலம் விசாரித்ததாகச் சொன்னார். அவர் வாயைத் திறக்கமாட்டார். நானும் பேசாமலிருந்தால் ஊர் நடுவே எழுந்து நின்று அவரைக் குற்றவாளி என்பாய். என் வீட்டு இழவில் வெறுங்காலோடு நடந்தவர் அவர்.

அதனால் எழுதினேன். உன்னைச் சபிக்க எழுதவில்லை.

சகினா


எடின்பரோ,
11-2-1949

அண்ணிக்கு, சலாம். உங்கள் நலத்தையும் குல்ஷனின் நலத்தையும் கேட்கும் தகுதி எனக்கு உண்டா தெரியவில்லை. கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை மாடிப்படியில் நின்று படித்தேன். வீட்டுக்காரக் கிழவி இறங்கி வந்து என்னைத் தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள், நான் அங்கேயே நின்றேனாம். அவள்தான் பிறகு சொன்னாள்.

எந்த நோயாளிக்கும் தொல்லை வந்ததில்லை என்று அண்ணனுக்கு எழுதினேன். அன்று வரை நான் அப்படிப் பார்த்த ஆபரேஷன்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அதை நான் எழுதவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

டாக்டர் சுப்பராமனுக்கு எழுதிவிட்டேன். அவர் உடனே பதில் போட்டார். இரண்டே வரி. அதை உங்களுக்கு எழுத எனக்குத் துணிவில்லை, அவ்வளவு நல்ல வரிகள்.

போன வாரம் பேராசிரியர் இன்னொருவருக்கு இதே ஆபரேஷன் செய்தார். வழக்கம்போல் குழாய் இல்லை. சுரங்கத் தொழிலாளி, அண்ணன் வயது. அவர் நடந்துவிட்டார். மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு வார்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் வெளியே போய்விட்டேன்.

ஜனவரிப் பரீட்சைக்கு உட்காரவில்லை. ஆபரேஷன் அறைக்குள் போவதையும் விட்டுவிட்டேன். ஊருக்கு வந்து அண்ணன் கடையில் உட்கார்ந்துகொள்கிறேன். அதுதான் எனக்குச் சரி. நீங்கள் மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், வந்துவிடுவேன்.

உமர்


மயிலாப்பூர்,
5-3-1949

தம்பிக்கு சகினா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். குல்ஷனுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. என் உடம்புக்குக் குறைவில்லை. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சாப்பிடு.

கடையில் உனக்கு இடமில்லை. நானும் இனாயத்தும் பார்த்துக்கொள்கிறோம். காலையில் நான் போய் உட்கார்கிறேன். முதலில் தெருவில் பேசினார்கள், இப்போது பேசுவதில்லை. உனக்குச் செயினைக்கூடச் சரியாக மாட்டத் தெரியாது என்று உன் அண்ணனே சொல்வார்.

பரீட்சைக்கு உட்காரவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவர் அத்தனை மாதம் படுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தது எதற்காக? நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். வலியை விட அதுதான் அவருக்குக் கஷ்டம். நீ கேட்டு எழுதும்போதெல்லாம் உண்மையைச் சொல்ல வாய்வரைக்கும் வரும். தலையணையைக் கடித்துக்கொள்வார். நீ இப்போது கத்தியைக் கீழே வைத்தால் அவர் சும்மாதான் அப்படிக் கிடந்தார் என்று ஆகும். ஜூலையில் மறுபடி பரீட்சை உண்டு என்று டாக்டர் சொன்னார். அதற்கு உட்கார்.

டாக்டர் உன்னைப் பற்றி விசாரிக்கிறார். "வந்தா என்கூட நிக்கட்டும். அவருக்கும் எனக்கும் பேச நிறைய இருக்கு" என்றார். குழாய் வைப்பதோ வேண்டாம் என்பதோ, இனி படுத்திருக்கிற ஆளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல். கடல் தாண்டி இருந்துகொண்டு சொல்லாதே.

மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாய். அவர் உன்மேல் தப்பே இல்லை என்றுதான் கடைசிவரை சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழாய் வேண்டாம் என்று நானும் சேர்ந்துதான் சொன்னேன். என்னையே நான் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன், உனக்கு எதை எழுதுவது? உன் கடிதம் வந்தால் உடனே பிரிப்பதில்லை. அலமாரியில் வைத்துவிட்டு மத்தியானம் லுஹர் தொழுத பிறகுதான் பிரிக்கிறேன். அப்படித்தான் இருக்கிறேன். ஆனால் பிரிக்காமல் விட்டதில்லை.

பள்ளிக்கூடத்து டிபனை நான் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிள்ளை நீ. பாஸ் பண்ணிவிட்டு வா. பம்பாயில் இறங்கியதும் தந்தி கொடு. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு என்ன வரும், அழுகையா கோபமா, தெரியாது. அதையும் நேரில்தான் பார்க்க வேண்டும். கடிதத்தில் வேண்டாம்.

குல்ஷன் சித்தப்பா எப்போது வருவார் என்று கேட்கிறாள். ஆகஸ்டில் என்று சொல்லியிருக்கிறேன்.

சகினா